புள்ளி விழாத விசை

போன கிழமை கொழும்பு பஸ்ஸில் எனக்கு ஒரு பொதி வந்தது. நடத்துநர் கையில் தந்தபோது தீப்பெட்டி அளவுதான் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தேன். பஞ்சுக்குள் ஒற்றை விசை. கணினி விசைப்பலகை ஒன்றிலிருந்து கழற்றியது. மேலே முக்காற்புள்ளி, கீழே அரைப்புள்ளி, இரண்டும் நேற்று அச்சடித்ததுபோலப் பளிச்சென்று இருந்தன. கூடவே ஒரு துண்டுக் கடதாசி. "அக்கா, எத்தினையோ இடத்தில தேடி எடுத்தனான். அதே கொம்பனி, அதே வயசு. அடியில இருக்கிற சுருளும் புதுசு. இதைப் போட்டா ஒரே தட்டில விழும்." அனுப்பியவர் பழைய கணினிகளைத் தேடித் தேடி வாங்கும் ஒரு தம்பி. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பழைய கணினி இருக்கிறது. பின்னுக்குக் கூன் விழுந்த திரை, இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய பெட்டி, ஒவ்வொரு எழுத்துக்கும் சடக் சடக் என்று சத்தம் போடும் விசைப்பலகை. அந்தப் பலகையில் ஒரேயொரு விசைக்கு மட்டும் முகம் இல்லை. ஆங்கில எல்லுக்கு வலது பக்கத்தில் இருக்கும் அரைப்புள்ளி விசை. எழுத்தெல்லாம் தேய்ந்து, நடுவில் விரல் நுனி குந்துகிற அளவுக்கு ஒரு பள்ளம். என் வீட்டுக்காரர் அதைக் கடந்து போகும்போதெல்லாம் ஒரு கதை சொல்லுவார். "பழைய இரும்புக்காரனிட்டக் குடுத்தா ஒரு வாளியாவது தருவான்." சொல்லட்டும். அந்தப் பழைய இரும்பை வைத்துத்தான் ஒரு மனிதர் தன் ஊரைவிட்டு இரண்டாம் தடவையும் போகாமல் தப்பினார். வாளியில் அது நடக்குமோ?

அந்த மனிதரை நாங்கள் எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிட்டோம். வயதுக்கு எனக்குத் தகப்பன் மாதிரி. ஆனால் மன்னார்ப் பட்டினத்தில் சின்னன் பெரிசு எல்லோருக்கும் அவர் நானாதான். மன்னார் மாவட்டத்து முசலிக் கரையோர ஊர்க்காரர். அந்தப் பக்கத்து முஸ்லிம் சனம் முழுக்க ஒரு காலத்தில் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்கு இடம்பெயர்ந்தபோது அவரும் மனைவியையும் பள்ளிக்கூட வயது மகளையும் கூட்டிக்கொண்டு போனவர். மனைவி புத்தளத்திலேயே மௌத்தாகி, அங்கேயே அடக்கமும் ஆனார். மகள் அங்கேயே வளர்ந்து, படித்து, கல்யாணமும் கட்டிவிட்டாள். சண்டை ஓய்ந்திருந்த ஒரு இடைவெளியில் நானா மட்டும் தனியே மன்னாருக்குத் திரும்பி, பட்டினத்தில் ஒரு கடையை வாடகைக்கு எடுத்து, தட்டச்சு, போட்டோக்கொப்பி, லெமினேற்றிங் என்று பலகை மாட்டினார். ஏன் திரும்பி வந்தனீங்கள் என்று யாராவது கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான் இருக்கும். "ஒருக்காப் போனது காணும்." ஒருமுறை போனதே போதும் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

நான் உயிலங்குளத்துக்காரி. வயல் வேலைக்கு உடம்பு வளையாது, வாய் மட்டும் நல்லா வளையும் என்று அம்மா ஏசிக்கொண்டிருந்த வயதில் தட்டச்சுப் பரீட்சை ஒன்று சித்தியெய்தி வைத்திருந்தேன். அந்த ஒரு கடதாசியை நம்பி நானா என்னை வேலைக்கு எடுத்தார். நான் சேர்ந்து இரண்டாம் மாதம் இந்தக் கணினி வந்தது. கொழும்பில் ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோர் வேண்டாமென்று கழித்துவிட்டதை வாங்கி, சாக்குப் போர்த்தி, லொறியில் ஏற்றி வந்தார். அன்றைக்கே அது பழசுதான். இறக்கி வைத்த கையோடு சாரத்தின் நுனியால் திரையைத் துடைத்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டாருக்குப் பொம்பிளையைக் காட்டுகிறவர்போல என்னைப் பார்த்தார். "எப்பிடி?" என்று கேட்டார். "கறுப்புத்தான், ஆனா லட்சணம்" என்றேன். "வெள்ளையெல்லோ புள்ள!" என்று சண்டைக்கு வந்தார். தூசி அப்படி.

அந்தக் கணினியில் தமிழ் எப்படி வரும் என்பதை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். விசைகளில் பொறித்திருப்பது ஆங்கில எழுத்து. ஆனால் தமிழ் எழுத்துருவைப் போட்டுவிட்டால் எம்மைத் தட்ட அ வரும், கே தட்ட ம வரும், எச் தட்ட அரவு, அதுதான் துணைக்கால், வரும். மெய்யெழுத்து வேண்டுமானால் தலையில் வைக்கிற புள்ளியைத் தனியாகத் தட்ட வேண்டும். அதுதான் அரைப்புள்ளி விசை. தமிழில் புள்ளி இல்லாமல் ஒரு வரி எழுதிப் பாருங்கள், தெரியும் அந்த விசை பட்ட பாடு. நான் பத்து விரலாலும் அடிப்பேன். நானா வலது கை ஆட்காட்டி விரல் ஒன்றால் மட்டும் அடிப்பார். "உங்கட பத்தும் ஓடுது புள்ள. என்ர ஒண்டு நடக்குது. ரெண்டும் ஒரே இடத்துக்குத்தானே போகுது" என்பார். போகும்தான். நான் போய்ச் சேர்ந்து தேத்தண்ணி குடித்து முடித்த பிறகு அவர் வந்து சேருவார்.

ஒரு நாள் நானா ஏதோ இடத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று தேவையில்லாத கோப்புகளை அழித்தார். அழித்தவற்றில் தமிழ் எழுத்துருவும் போய்விட்டது. அவ்வளவுதான், சேமித்து வைத்திருந்த கடிதங்கள், கல்யாணக் காட், கந்தூரி நோட்டீஸ், கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் ஒரு நொடியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிட்டன. கொழும்பில் இருந்து எழுத்துருவைப் புளொப்பித் தட்டில் போட்டு யாரிடமாவது கொடுத்துவிட மூன்று கிழமை ஆனது. கடையை மூடவா முடியும்? வருகிற வேலையையெல்லாம் வாங்கி, திரையில் தமிழைப் பார்க்காமலே அடித்து வைத்தோம். பிழையைத் திருத்த வேண்டுமானால் அந்தக் குப்பையைத்தான் வாசிக்க வேண்டும். முதல் கிழமை தலையிடி. இரண்டாம் கிழமை எழுத்துக் கூட்டினோம். மூன்றாம் கிழமை நானா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, அந்தக் குப்பையைப் பத்திரிகை வாசிப்பதுபோல உரத்து வாசித்தார். மன்னார் தீவில் அந்தப் பாஷை தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான். எங்களுக்கு அதில் கொஞ்சம் திமிரும் வந்துவிட்டது.

பிறகு அது கடைப் பேச்சாகிவிட்டது. ஓம் என்று அடிக்க எக்ஸும் கேயும் தட்டுவோம், பிறகு புள்ளி. அதனால் ஓம் எங்களுக்கு "எக்ஸ்கே". சாப்பாடு ஆர், எச், ஜி என்று தொடங்கும், ஆகவே "ஆரெச்ஜி முடிஞ்சுதோ?" என்றால் சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். அறுவைக் கதை சொல்லும் வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்துவிட்டால் நானா என்னைப் பார்த்து எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லுவார். நான் சிரிப்பை அடக்க மேசைக்கு அடியில் எதையோ தேடுவேன். என்னை அவர் வாயால் கூப்பிடும்போது "புள்ள", எழுதும்போது பிள்ள. பிள்ள என்று அடிக்க ஜி, பி, எஸ், புள்ளி, திரும்பவும் எஸ். ஆகவே என் பெயர் ஜிபிஎஸ். அது எங்களுக்கு வெறும் பகிடி. இன்றைக்கு வள்ளத்துக்கு வள்ளம் ஜிபிஎஸ் கருவி வந்துவிட்டது. தலைமன்னார்த் துறைப் பக்கம் போனால் யாராவது ஒருவர் "ஜிபிஎஸ் வேலை செய்யுதில்ல" என்று கத்துவார். நான் திரும்பிப் பார்த்துவிடுவேன். வேலை செய்கிறேன் ஐயா என்று சொல்ல வாய் வரும்.

அந்தப் புள்ளி விசைக்கு மற்ற விசைகளைவிட இரண்டு மூன்று மடங்கு அடி விழுந்தது. போதாததற்கு எங்கள் உப்புக் காற்று. ஒரு வருடத்துக்குள் முகம் போய், உள்ளே சுருள் தளர்ந்து, மெதுவாகத் தொட்டால் விழாது என்ற நிலைக்கு வந்துவிட்டது. "குத்துங்கோ புள்ள, தடவாதேங்கோ" என்று நானா நாளுக்கு நூறு தரம் சொல்லுவார். நான் கேட்டால்தானே. தலைமன்னாரில் ஒரு இலவசப் பல் சிகிச்சை முகாம் வைத்தார்கள். நோட்டீஸ் எங்கள் கடையில்தான். 'பல் வைத்தியர் வருகிறார்' என்று பெரிய எழுத்தில் நான் அடித்து, அச்செடுத்துக் கொடுத்தேன்; அவர்கள் அதை ஊர் முழுக்க ஒட்டியும் விட்டார்கள். புள்ளி விழவில்லை என்பதை ஒருத்தரும் பார்க்கவில்லை. 'பல வைத்தியர் வருகிறார்.' சனம் விடுமா? முழங்கால் நோ, காது இரைச்சல், பிள்ளைக்குச் சளி, ஒருத்தர் கண் மங்கல் என்று வரிசை தெருவுக்கு வந்துவிட்டது. உள்ளே ஒரு கதிரை, ஒரு குறடு, ஒரே ஒரு பல் வைத்தியர். அவர் நல்ல மனிதர். வந்த முழங்கால்களையும் பார்த்து அனுப்பினாராம். கதை கடைக்கு வந்தபோது நான் ஒரு நோட்டீஸைத் தேடி எடுத்து நானாவின் முன்னால் வைத்தேன். நானா கடுமையான முகத்தோடு நோட்டீஸைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கத் தொடங்கியது. சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்து, அதைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒரு புள்ளி புள்ள. ஒரு புள்ளிக்கு ஒரு ஊரே எழும்பி வந்திட்டுது." அதற்குப் பிறகு அவர் அடித்த எதிலும் ஒரு புள்ளி தவறி நான் கண்டதில்லை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு தரம் குத்துவார்.

காலம் போனது. வீட்டுக்கு வீடு கணினி, பிறகு கைக்குக் கை தொலைபேசி. தனியாக எழுத்துரு ஏற்றாமலே எங்கும் தமிழ் தெரிகிற காலமும் வந்தது. எனக்கு ஒரு கந்தோரில் வேலை கிடைத்து, கல்யாணமும் வந்தது. கடைசி நாள் நானா ஒரு பார்சல் வட்டிலப்பமும், "எங்க போனாலும் புள்ளியைக் குத்துங்கோ" என்ற புத்திமதியும் தந்து அனுப்பினார். கொஞ்ச வருடத்தில் கடையும் மூடப்பட்டது. கணினி அவர் வீட்டு மூலைக்குப் போனது. முதலில் மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்தேன். பிறகு பெருநாளுக்கு மட்டும். பிறகு பெருநாளுக்கும் தொலைபேசிதான். எனக்கு நேரம் இல்லை என்று சொன்னால் அது பொய். பக்கத்தில்தானே இருக்கிறார், எப்போதும் போகலாம் என்று இருந்துவிட்டேன். அதற்காக என்னை நானே இன்றைக்கும் ஏசிக்கொள்கிறேன்.

அவர் விழுந்தது எனக்கு நான்கு மாதம் கழித்துத்தான் தெரியும். ஒரு சனிக்கிழமை காலையில் அவருடைய மகள் தொலைபேசி எடுத்தாள். வாப்பாவுக்குப் பாரிசவாதம், இடது பக்கம் இழுத்துவிட்டது, பேச்சும் போய்விட்டது, தான் வந்து நின்று பார்த்தது போதும், இனித் தாங்காது, திங்கட்கிழமை வேனில் புத்தளத்துக்கே கூட்டிப் போகிறோம் என்றாள். அதைச் சொல்ல அவள் எடுக்கவில்லை. வீட்டைக் காலி பண்ணும்போது மூலையில் ஒரு பழைய கணினி. படம் எடுத்து விளம்பரத்தில் போட்டால் கொழும்பில் இருந்து ஒருத்தர் வாங்க வருகிறாராம், அது வேலை செய்யுமா என்று கேட்கிறாராம். "உங்களுக்குத்தான் அது தெரியும் எண்டு வாப்பா முந்திச் சொல்லுவார் அக்கா." நான் அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

கூடத்தில் சாமான்கள் கட்டிக் கிடந்தன. நானா சாய்மணைக் கதிரையில் இருந்தார். வாய் ஒரு பக்கம் கோணி, அந்தப் பெரிய உடம்பு பாதியாகி இருந்தது. என்னைக் கண்டதும் தொண்டையில் ஏதோ உருண்டது, சொல் வரவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மகள் மெல்லிய குரலில் சொன்னாள்: "பேச்சு மட்டுமில்ல அக்கா. மூளையும் குழம்பிட்டுது. எழுதட்டும் எண்டு போனைக் குடுத்துப் பாத்தம். ஏபிசிடி ஏதோ அடிக்கிறார். பிறகு போன்ட கரையைப் போட்டுக் குத்துறார், குத்துறார், குத்திக்கொண்டே இருக்கிறார். பாக்க ஏலாம நாங்க போனை எடுத்து வச்சிட்டம்."

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. போனை வாங்கி அவர் கையில் கொடுத்தேன். வலது கை ஆட்காட்டி விரல் நடுங்கி நடுங்கி இறங்கியது. ஜே. இசட். அதற்குப் பிறகு விரல் எல்லுக்குப் பக்கத்தில் போய், எழுத்தே இல்லாத அந்தக் கரையைக் குத்தியது. ஒரு தரம். இன்னும் ஒரு தரம். எந்த எழுத்தும் விழவில்லை. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கரையைக் குத்தவில்லை. புள்ளி தேடுகிறார். எல்லுக்கு வலது பக்கத்தில் இருக்க வேண்டிய புள்ளியை, இரண்டு தரம் குத்த வேண்டிய புள்ளியை, அது இல்லாத இடத்தில் தேடுகிறார். ஜே த. இசட் ண. "தண்ணி" என்று கத்தினேன். "தங்கச்சி, தண்ணி கேக்கிறார்!" நானாவின் கண்கள் அப்படியே நிறைந்துவிட்டன. விரல் திரும்பவும் இறங்கியது. எக்ஸ், கே. எக்ஸ்கே. ஓம்.

மகள் தண்ணியைக் கொடுத்துவிட்டு நிலத்தில் குந்திவிட்டாள். "நாலு மாசம் கேட்டிருக்கிறாரே அக்கா, நாங்க பைத்தியம் எண்டு போனைப் பறிச்சு வச்சமே" என்று அழுதாள். ஆற்றப் பார்த்தேன்; நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன். போனில் அவர் முந்தி அடித்ததெல்லாம் அழியாமல் கிடந்தது. புள்ளி இல்லை, சில இடத்தில் போன் தன் கெட்டித்தனத்தைக் காட்டி எழுத்துகளை ஆங்கிலச் சொல்லாக மாற்றியும் வைத்திருந்தது. மிச்சத்தை எழுத்துக் கூட்டினேன். குளிருது. வெளிய இருத்துங்கோ. பள்ளிக்குத் தொழக் கூட்டிப் போங்கோ. கடைசி நாட்களில் ஒரே வரி திரும்பத் திரும்ப, பத்து இருபது தரம். புள்ளிகளைப் போட்டு வாசித்தேன். "புத்தளம் வேணாம்."

அந்த நேரம் பார்த்து வாசலில் வேன் வந்து நின்றது. விளம்பரம் பார்த்து வந்த, இப்போது இந்த விசையை அனுப்பிய கொழும்புத் தம்பி. முப்பது வயதிருக்கும், கண்ணாடி போட்டு, கணினியைக் கண்டதும் கோயிலுக்குள் வந்தவர்போலச் செருப்பைக் கழற்றிவிட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். விற்பனை இல்லை, மன்னிக்க வேண்டும், ஆனால் இதை ஒருக்கால் ஓட வைக்க முடியுமா என்று கேட்டேன். ஏமாற்றத்தில் திரும்பிப் போவார் என்றுதான் நினைத்தேன். அவர் நானாவை ஒரு தரம், பெட்டியை ஒரு தரம் பார்த்துவிட்டு, "திருப்புளி இருக்கா?" என்றார். இரண்டு நாள் அந்த வீட்டிலேயே இருந்தார்.

ஏன் இந்தப் பழைய சாமான்களுக்கு அலைகிறீர்கள் என்று கேட்டேன். வேலையை விடாமலே சொன்னார். "வாங்க வாறவங்களில பாதிப் பேர், சின்ன வயசில அப்பாட கந்தோரில இதைத் தொடக்கூடாது எண்டு அடி வாங்கின ஆக்கள் அக்கா. இப்ப தொட்டுப் பாக்கினம்." பழைய விளையாட்டுகளுக்காக வாங்குகிறவர்கள், புளொப்பித் தட்டு ஓடும் சத்தத்துக்காக வாங்குகிறவர்கள், எங்கோ ஒரு தொழிற்சாலை இயந்திரம் இந்த ஒரு கணினி சொன்னால்தான் கேட்கும் என்பதற்காக வாங்குகிறவர்கள் என்று எத்தனையோ பேராம். நிறம் மாறாமல், விசை ஒன்றும் குறையாமல் இருந்தால் விலை இன்னும் கூடும் என்றார். பிறகு ஆணிகளைக் கழற்றி மூடியைத் திறந்தார். "புதுசெல்லாம் ஒட்டி மூடினது. பழுதானா எறியத்தான். இதைப் பாருங்கோ, எல்லாத்தையும் காட்டுது." உள்ளே வீங்கியிருந்த சின்னச் சின்ன உருளைகளைக் கழற்றிப் புதிது வைத்து ஈயம் ஒட்டினார். ஒழுகிய பற்றரியைச் சுரண்டித் துடைத்தார். துருப்பிடித்த நினைவகத் தகட்டை, நம்பமாட்டீர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிறப்பரால் தேய்த்தார். நானா கதிரையில் இருந்தபடி ஒரு அசைவும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு மத்தியானம், லுகர்த் தொழுகை முடிந்த நேரம். பீப் என்று ஒரு சத்தம். அதைக் கேட்டு எத்தனை வருடம்! நானாவின் தலை நிமிர்ந்தது. திரை மெல்ல மெல்ல வெளுத்தது. எழுத்துரு இருந்தது. விசைப்பலகையை அவர் மடியில் ஒரு தலையணை போட்டு வைத்தோம். விரல் நடுங்கியது, ஆனால் தேடவில்லை. பெரிய விசைகள், சடக் சடக்கென்று பதில் சொல்லும் விசைகள். விரலுக்கு வழி தெரிந்திருந்தது. எல்லுக்குப் பக்கத்தில் போய், இரண்டு தரம் குத்தியது. திரையில் தமிழ், புள்ளியோடு வந்தது. நான்கு மாதம் வாய் கட்டிக் கிடந்த மனிதர் முதலில் என்ன சொன்னார் என்று நினைக்கிறீர்கள்? 'தம்பிக்குத் தேத்தண்ணி குடுத்ததோ?'

மகள் சிரித்துக்கொண்டே அழுதாள். தம்பி திரும்பிப் போய் யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். விரல் நிற்கவில்லை. நடந்தது. எல்லோரும் காத்திருந்தோம். 'மகள். புத்தளம் வேணாம். ஒருக்காப் போனது காணும்.' கட்டியிருந்த சாமான்களை ஒரு தரம் பார்த்துவிட்டு மகள் அவர் காலடியில் வந்து இருந்தாள். "போகமாட்டம் வாப்பா. நாங்க இஞ்ச வாறம்" என்றாள். சொன்னபடி செய்தாள். புருஷனோடும் பிள்ளைகளோடும் சண்டை பிடித்து, பள்ளிக்கூடம் மாற்றி, மூன்று மாதத்தில் மன்னாருக்கு வந்துவிட்டாள்.

ஒன்று சொல்ல வேண்டும். பிறகு தம்பி போனிலும் அதே பழைய விசை முறையை ஏற்றிக் கொடுத்தார். அதிலும் தமிழ் ஒழுங்காகத்தான் வந்தது. ஆனால் நானாவின் ஒரு விரல் போனில் மூன்று எழுத்தை மூடியது. இரண்டு நாள் பார்த்துவிட்டு, போனைப் பக்குவமாகப் பேரனிடம் தள்ளிவிட்டு, கணினியைக் கைகாட்டினார். அதற்குப் பிறகு ஒன்றேகால் வருடம் அந்த வீட்டின் வாய் அந்தக் கணினிதான். கறிக்கு உப்புக் காணாது, பேரன் பொய் சொல்கிறான், கழுதை வேலிக்குள் வந்துவிட்டது எல்லாம் திரையில் வரும். நான் சனிக்கிழமை தவறாமல் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சடக் சடக் கேட்கும். உள்ளே போய்ப் பார்த்தால் எனக்காக ஒரு வரி காத்திருக்கும். 'பிள்ள, சாப்பாடு முடிஞ்சுதோ?' நான் "எக்ஸ்கே நானா" என்பேன். கோணிய வாயால் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

அவர் மௌத்தானதும் ஒரு மத்தியானம்தான். கணினிக்கு முன்னால் இருத்திவிட்டு மகள் கஞ்சி எடுக்கக் குசினிக்குப் போயிருக்கிறாள். திரும்பி வந்தபோது தலை நெஞ்சில் சாய்ந்திருந்ததாம். நான் போய்ச் சேர ஜனாசாவை எடுக்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போன பிறகு மகள் என்னைக் கையைப் பிடித்து உள்ளறைக்குக் கூட்டிப்போனாள். கணினியை அவள் நிறுத்தவில்லை. யாரையும் தொடவும் விடவில்லை. திரையில் இரண்டே சொற்கள்.

போட்டு வாறன

"கடைசியில வாப்பா பிழை விட்டிட்டார் அக்கா" என்றாள். "புள்ளி இல்ல." போய்விட்டு வருகிறேன் என்று சொன்ன இடத்தில் புள்ளி இல்லாதது அவளுக்குப் பெரிய கவலையாக இருந்தது. மூளை கடைசியில் குழம்பிவிட்டதோ, அந்த நேரம் என்ன பாடுபட்டாரோ என்று. நான் விசைப்பலகையைப் பார்த்தேன். முகமில்லாத அந்த விசை. "இல்லை தங்கச்சி" என்றேன். "நானா புள்ளி விடுகிற ஆள் இல்லை. குத்தியிருப்பார். இதுதான் விழேல்லை." சொல்லும்போதே தலைமன்னார் வரிசை ஞாபகம் வந்து தொலைத்தது. பல வைத்தியர். மையத்து வீட்டில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது; அதோடு சேர்ந்து அழுகையும் வந்துவிட்டது. அவளுக்கு அந்தக் கதையைச் சொன்னேன். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, "நீங்களே போடுங்கோ அக்கா" என்றாள். விரலை அந்தப் பள்ளத்தில் வைத்து அழுத்தினேன். விழவில்லை. குத்துங்கோ புள்ள, தடவாதேங்கோ. இரண்டாம் தரம் குத்தினேன். விழுந்தது.

நாற்பதாம் நாள் கந்தூரி முடிந்த பிறகு அவள் கணினியை எனக்கே தந்துவிட்டாள். கொழும்புத் தம்பி வருடத்துக்கு ஒருமுறை எடுத்து, விற்கிற யோசனை இருக்கா அக்கா என்று கேட்பார்; நான் இல்லை என்பேன்; இருவரும் நானாவைப் பற்றிக் கதைத்துவிட்டு வைப்போம். இந்த முறை அவர் விலை கேட்கவில்லை. விசையை அனுப்பியிருக்கிறார். அவர் மனம் எனக்குத் தெரியும். அதற்காக அவருக்கு ஒரு பெட்டி கருவாடு அனுப்ப வேண்டும்.

புது விசையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கணினிக்கு முன்னால் கனநேரம் இருந்தேன். பழசைக் கழற்ற ஒரு நிமிடம் போதும். வீட்டுக்காரர் கூட, "போட்டுப் பாரன்" என்றார். பஞ்சில் திரும்பச் சுற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். ஒரே தட்டில் விழுகிற விசை அன்றைக்கு நானாவின் விரலுக்குத்தான் வேண்டியிருந்தது. நான் இரண்டு தரம் குத்துவேன்.